வெளிப்பூச்சுக்கு மட்டும்

மெடிக்கலில் கூட்டம் குறையட்டுமென்று
எதிர்ப்பக்கம் பேக்கரியில்
வேண்டாத தேங்காய் பன் ஒன்றைத் தின்று முடித்தேன்.
அனுப்பர்பாளையத்தில் பொழுதோட
எந்தக் கூட்டம் குறைந்திருக்கிறது?
சீட்டில் எழுதி நீட்டினேன்.
பையன் அதை உரக்கப் படித்தான்.
பின்னால் இருமல் மருந்துக்கு நின்ற ஒருத்தி
இருமலை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

நியூஸ்பேப்பரில் சுற்றி, கறுப்புக் கவரில் போட்டு
நாப்கினுக்குச் செய்கிற மரியாதையைச் செய்தான்.
“கழுவித் தொடச்சுட்டுப் போடோணுங்க்கா.
காத்தால ஒருக்கா, ராத்திரி ஒருக்கா.
ஏழு நாளைக்கு மேல வேண்டாம்.
ரத்தம் வந்தா டாக்டரைப் பாத்துருங்.”
இருபது வயசிருக்கும்.
சளிக்கு மாத்திரை கொடுக்கிறவன் முகம்.
நல்லா இரு சாமி என்றேன்,
மனசுக்குள்.

பெண் மூலம் நிர்மூலம் என்று
என்னை வேண்டாமென்று எழுந்துபோன
காங்கேயத்து வீட்டார் சொன்னது நட்சத்திரத்தை.
இருபத்தெட்டு வருசம் கழித்து வந்த
இந்த மூலத்துக்கு
என்ன சொலவடை வைத்திருப்பார்களோ.

ஸ்டூலுக்கு முதுகில்லை.
பத்து மணி நேரம்,
கண்டெய்னர் நெருங்கினால் ஒன்றரை ஷிப்ட்.
நான் தைப்பது ஜட்டி.
உறுத்தக் கூடாதென்று லேபிளை எடுத்துவிட்டு
அளவை மையில் அச்சடிக்கச் சொல்கிறான் வெளிநாட்டுக்காரன்.
எந்தக் குளிர்தேசத்துப் பின்புறமோ
என் தையலில் சொகுசாக உட்காரப்போகிறது.
தைக்கிறவள்
இந்தப் பக்கம் சாய்ந்து, பிறகு அந்தப் பக்கம் சாய்ந்து,
அடைக்கோழி முட்டையைத் திருப்புகிற மாதிரி.

லைன்வீட்டில் ஏழு குடித்தனத்துக்கு ஒரு கக்கூஸ்.
டப்பிக்குள் மடித்திருந்த காகிதத்தை அங்கேதான் பிரித்தேன்.
படம் போட்டிருந்தது.
முகமில்லாத ஒரு ஆள்
இடப்பக்கம் ஒருக்களித்து, முழங்கால் மடக்கி.
நாலடிக்கு மூன்றடியில்
எந்தப் பக்கம் படுக்க?
குந்தினேன். விரலுக்கு வழி தெரியவில்லை.
நாற்பத்தாறு வருசம் என்கூடவே இருந்த இடம்,
ஒருநாளும் நேரில் பார்த்துக்கொண்டதில்லை.

குளிர்ந்தது.
எரிந்தது.
பிறகு ஒன்றுமில்லை.
அந்த ஒன்றுமில்லைக்குக்
கண்ணில் தண்ணி வந்துவிட்டது.

“ஆருங் உள்ள? எம்பட பையனுக்கு ஸ்கூல் வேன் வந்துருமுங்!”
“வாறனுங்” என்றேன், மூடியைத் தேடிக்கொண்டு.
மூடி போன இடத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

வேஸ்ட் துணியை வாயில் சுற்றி
எலாஸ்டிக் துண்டால் இறுக்கிக் கட்டி
டிபன் பையில் வைத்திருந்தேன்.
மூன்றாம் நாள் மத்தியானம்
தயிர்ச்சோற்று டப்பாவோடு அதுவும் வந்து
உருண்டு நின்றது
லைன் இன்சார்ஜ் சென்னியப்பன் செருப்புக்குப் பக்கத்தில்.

பீஸ் குறைந்தால்
மைக்கில் பேர் சொல்லிக் கூப்பிடுகிற மனுசன்.
குனிந்தார். பாதியில் நின்றார்.
பல்லைக் கடித்துக்கொண்டு மீதியையும் குனிந்தார்.
இத்தனை வருசம் அவர் உட்காராமலே வேலை வாங்குவதை
மிடுக்கு என்று நினைத்திருந்தேன்.

பேரைப் படித்தார்.
பக்கத்து மிசினில் ஒடிசாப் பிள்ளை மினதி
தின்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.
“இது எரியுமுங்களே” என்றார்,
உதடு அசையாமல்.
“எனக்கு ஒத்துக்கலை.
நீலப் பெட்டியில ஒண்ணு வருது, கேட்டுப் பாருங்.”
மேசையில் வைத்தார்.
ரெண்டடி நகர்ந்து, ஹால் முழுக்கக் கேட்கும்படி,
“எலாஸ்டிக்கை வெளிய எடுத்துட்டுப் போகக் கூடாதுன்னு
எத்தனை தடவை சொல்றது?”

அவிழ்த்துக் கொடுத்துவிட்டேன்.
இப்போது வாயை அடைத்திருப்பது
ஒரு வேப்பங்குச்சி.
நீலப் பெட்டி நூற்று நாற்பது ரூபாயாம்.
சம்பளம் சனிக்கிழமை.
அதுவரைக்கும் இது
எரிந்துவிட்டுப் போகட்டும்.